மகஜரில் ஒரு கையெழுத்து

பதினாறு நாளாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கூரை, ஒரே சோற்றுப் பானை. ஆனாலும் கோவிந்தன் ரேவதியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ரேவதி பதில் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவைப் பார்த்துச் சொல்வாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சரோஜம்மாளுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

காரணம் ஊருக்கே தெரியும்.

பாகலூர் ரோட்டில் இருக்கும் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ரேவதிக்குத் தரம் பார்க்கும் வேலை. அங்கே பிரஸ் மெஷின் ஓட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பதினாலு பெண்களுக்கு இந்த இரண்டு வருஷத்தில் விரல் போயிருக்கிறது. ஒருத்திக்கு நுனி, ஒருத்திக்கு இரண்டு விரல் முழுசாக. கம்பெனி ரெக்கார்டில் அத்தனையும் 'வீட்டில் நடந்த விபத்து'. அந்தப் பதினாலு பேரும் நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொல்லி ரேவதியின் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வரும் வரை யார் பெயரும் வெளியே வராது என்பது அவள் கொடுத்த வாக்கு. முன்னாலேயே பெயர் தெரிந்துவிட்டால் மறுநாள் கம்பெனி கேட்டில் அவர்களுடைய கார்டு வேலை செய்யாது. ஒப்பந்தத் தொழிலாளியை நிறுத்தக் காரணமா வேண்டும்?

கம்பெனி முந்திக்கொண்டது. 'எங்கள் மெஷின் வரைபடங்களைப் போனில் திருடிவிட்டாள்' என்று ஒரு புகார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் போலீஸ். வாரண்ட் கிடையாது. பீரோ, அரிசி டிரம், சாமி படத்தின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் ரேவதியின் கட்டைவிரலைப் பிடித்து மூன்று முறை அழுத்திப் பார்த்தார். நாள் முழுக்கத் தின்னர் தொட்டு இரும்பைத் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த விரல் அது. போன் திறக்கவில்லை.

"நம்பரைச் சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் ரேவதி.

அன்று சாயங்காலமே ஸ்டேஷன் ஜாமீனில் வந்துவிட்டாள். ஆனால் கேஸ் வந்தது வந்ததுதான். இன்ஸ்பெக்டர் கோவிந்தனைத் தனியாகக் கூப்பிட்டு, "நம்பர் ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க, ஒரே வாரத்துல கேஸை முடிச்சுடறேன்" என்றிருந்தார். நாற்பது வருஷம் மண்ணோடு மல்லுக்கட்டிய மனுஷன் கோவிந்தன். காக்கிச் சட்டையோடு மல்லுக்கட்டிப் பழக்கமில்லை. மகளிடம் கெஞ்சினார், கத்தினார், கடைசியில், "நம்பரைச் சொல்லாம எங்கிட்டப் பேசாதே" என்று சபதம் போட்டுவிட்டார். மகளும் அவர் ரத்தம்தானே? பேசவில்லை.

இன்றைக்குக் கோர்ட். ரேவதி நம்பரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று உத்தரவு கேட்டுப் போலீஸ் போட்ட மனுவும், போனைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரேவதி போட்ட மனுவும் ஒன்றாக விசாரணைக்கு வருகின்றன.

விடியற்காலையில் ரோஜா அறுத்து பெங்களூர் வண்டிக்கு ஏற்றிவிட்டு வந்த கோவிந்தன், கை கழுவிக்கொண்டே சுவரைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்காவது புத்தி வந்தா சரி. போன்ல அப்பிடி என்னா பெரிய ரகசியம்? நம்ம வீட்ல மறைக்கறதுக்கு என்னா இருக்குது?"

ரேவதி அம்மாவைப் பார்த்தாள். "போன்ல இருக்கறது என் ரகசியம் இல்லம்மா. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்களேன்" என்று சரோஜம்மாள் இட்லித் தட்டை நங்கென்று வைத்தாள்.

ஓசூர் கோர்ட்டில் பத்தே முக்கால் மணிக்குக் கேஸைக் கூப்பிட்டார்கள். ரேவதியின் வக்கீல் ஜெயப்ரியா. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஆள் சின்னதாக இருந்தாலும் குரல் கோர்ட் வாசல் வரை கேட்கும். மாஜிஸ்திரேட்டும் ஒரு அம்மாள்தான். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு தரப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். போனில் கம்பெனி ரகசியம் இருப்பதற்கு ஆதாரம் இருக்கிறது என்றார். குற்றம் சாட்டப்பட்ட பெண்ணே தன் தாயிடம் பேசும்போது அதை ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி, டைப் செய்த ஒரு தாளை உயர்த்திக் காட்டினார்.

"முழுசா படிங்க. முன்ன பின்ன என்ன இருக்குன்னு தெரியணும்" என்றார் மாஜிஸ்திரேட்.

அரசு வக்கீல் படித்தார். மளிகை லிஸ்ட் படிப்பது போலப் படித்தார்.

"ரேவதி: பஸ்ல வந்துட்டிருக்கேம்மா. போன்ல பதினாலு பேரோட விஷயம் இருக்குது. அது வெளியில போச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது. அம்மா: உனக்கு எதுக்குடி இந்த வேலை? ரேவதி: அப்பாகிட்டச் சொல்லாதே. அம்மா: நான் ஏன் சொல்றேன்? அந்த மனுசன் ஏற்கெனவே ஒடிஞ்சு போயிருக்காரு. நீ புருசன் வீட்டை விட்டு வந்த அன்னிக்குப் பூச்செடிக்குள்ள போய் உக்காந்து ஒரு மணி நேரம் அழுதாரு. வெளியில வந்து மருந்து கண்ணுல பட்டுருச்சுன்னாரு. நானும் நம்புன மாதிரி இருந்துட்டேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூசிப் போயிருவாரு."

பின்வரிசையில் ஒரு கான்ஸ்டபிள் களுக்கென்று சிரித்தார்.

கோவிந்தனுக்குச் சந்தை நடுவில் வேட்டியை உருவிவிட்டது போல இருந்தது. அந்த அழுகை அவருக்கும் அந்த ரோஜாச் செடிகளுக்கும் மட்டும் தெரிந்தது என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். பொண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, சரி. அவள் தன் மகளிடம் சொன்னாள், அதுவும் சரி. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து அதைக் கேட்டு, டைப் அடித்து, நம்பர் போட்டு, இன்று முப்பது பேர் முன்னால் படிக்கிறான். எவன் கொடுத்த அதிகாரம் இது?

சரோஜம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேவதி தலையைத் திருப்பி, பதினாறு நாளில் முதல் முறையாக அப்பாவை நேராகப் பார்த்தாள். அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

ஜெயப்ரியா எழுந்தாள்.

"அம்மா, ஒரு தாயும் மகளும் போன்ல பேசினதை ஒட்டுக் கேட்க யார் உத்தரவு போட்டது? அதுக்கு உள்துறைச் செயலாளர் எழுத்துல உத்தரவு தரணும். அவரும் நினைச்சபடி தர முடியாது. பொது ஆபத்து, பொதுமக்களோட பாதுகாப்பு, இந்த மாதிரி காரணம் இருக்கணும். வரைபடம் திருட்டுப் போச்சுங்கறது அதுல எங்க வருது? அந்த உத்தரவைக் காட்டச் சொல்லுங்க."

மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"ரகசியத் தகவல் மூலமா கிடைச்சதுங்கம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் ஜெயப்ரியா. "இந்தப் பேச்சு நடந்த தேதி நாலு. கம்பெனி புகார் கொடுத்த தேதி பதினாறு. புகாரே வராதப்போ, கேஸே இல்லாதப்போ, பன்னெண்டு நாள் முன்னாடியே ஒரு விவசாயி வீட்டுப் போனை யாரு கேட்டுட்டு இருந்தாங்க? எதுக்கு?"



மாஜிஸ்திரேட் அந்தத் தாளை வாங்கி, படிக்காமலே கவிழ்த்து வைத்தார். "உத்தரவு இல்லாம இதை நான் தொட மாட்டேன். சோதனை மகஜர் பத்தின வாதத்தை மதியம் ரெண்டரைக்குக் கேக்கறேன்" என்றார்.

கோர்ட் வளாகத்து ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று ஜெயப்ரியா பெருமூச்சு விட்டாள். பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது என்றாள். வாரண்ட் இல்லாமல் சோதனை போட்டால் அதற்கான காரணத்தை முதலில் எழுதி வைக்க வேண்டும். முழுசாக வீடியோ எடுக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சியாக நிறுத்த வேண்டும். வீடியோ கேட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறார்கள். சாட்சிகள் மட்டும் இருந்ததாக, சோதனை முடிந்ததும் போலீஸ் எழுதும் மகஜரில் எழுதியிருக்கிறது. அதன் நகல் இன்று காலையில்தான் கைக்கு வந்தது.

"ஒரு சாட்சி ஸ்டேஷன் எதிர்ல டீக்கடை வெச்சிருக்கறவர். எல்லா கேஸ்லயும் அவர்தான் சாட்சி. இன்னொண்ணு உங்க ஊர்க்காரங்க. நாராயணம்மா, கணவர் பேரு முனிரத்தினம்."

"அவளா? அவ அன்னிக்கு வரவேயில்லை. நான்தான் வீட்ல இருந்தேனே!" என்று சரோஜம்மாள் பாய்ந்தாள்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. வீட்டுக்காரங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு விட்டுடுவாங்க."

அதுவரை மரக்கட்டையாக நின்ற கோவிந்தன் கையை நீட்டினார். "அதை இப்பிடிக் குடுங்க வக்கீலம்மா."

மகஜரின் கடைசிப் பக்கம். கீழே இரண்டு கையெழுத்து. இரண்டாவது, முத்து முத்தாக, தமிழில்: நாராயணம்மா.

கோவிந்தன் அதையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை. பக்கத்தில் பத்திரம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது.

"இது அவ கையெழுத்து இல்லை."

"எப்படிங்க சொல்றீங்க?"

"மூணு வருசமா அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தானே திட்டிட்டு இருக்கேன்!"

விஷயம் இதுதான். கோவிந்தன் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸின் பிளாஸ்டிக் கூரையிலிருந்து கொட்டும் மழைத் தண்ணீர் நாராயணம்மாவின் கேழ்வரகுக் கொல்லைக்குள் பாய்கிறது என்று மூன்று வருஷமாகத் தகராறு. நாராயணம்மா தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டாள். அந்த மனுவின் நகல் கோவிந்தன் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஆத்திரம் குறைகிற மாதிரி தெரிந்தால் எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்வார். அந்த மனுவை எழுதியது பத்திர எழுத்தர், தமிழில். கையெழுத்து அவளுடையது, தெலுங்கில். பேரிகைப் பக்கம் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தமிழ் பேசுவாள், சண்டையும் பிரமாதமாகப் போடுவாள். ஒரு எழுத்து எழுதத் தெரியாது.

"எழுதினவனுக்கு இந்த ஊர் தெரியலை" என்றார் கோவிந்தன். "ஸ்டேஷன் ரைட்டர் புதுசு. தெக்க இருந்து வந்திருக்கான். தமிழ்நாட்டுல எல்லாரும் தமிழ்ல கையெழுத்துப் போடுவாங்கன்னு நெனைச்சுட்டான்."

ஜெயப்ரியா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு ஆகப் போகிறது. "அந்த மனுவும் வேணும். அந்த அம்மாவும் வேணும். ரெண்டரைக்குள்ள."

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத வீடு. போய்க் கேட்பது யார்?

கோவிந்தன் மொபெட் சாவியை எடுத்தார்.

வீட்டில் மனுவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வரப்பு தாண்டி அவர் போனபோது, நாராயணம்மா வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முறத்தை நிறுத்தவில்லை.

"ஏமி கோவிந்தண்ணா? தண்ணி பத்திப் பேசறதுன்னா தாலுகா ஆபீஸ்ல பேசிக்கலாம்."

"தண்ணி இல்லம்மா" என்றார். மேலே எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் உள்ளே பார்வையை ஓட்டினார். கூடத்தில் நாராயணம்மாவின் மகள், மடியில் பச்சைக் குழந்தை. குழந்தையைச் சுற்றியிருந்த துணியில் கோவிந்தனின் கண் நின்றது. மெரூன் கரை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஒரு தழும்பு.

அவருடைய வேட்டி! போன மாதம் காணாமல் போன, நன்றாகத் துவைத்துப் பஞ்சாகிப்போன பழைய வேட்டி. பிறந்த குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவது ஊர் வழக்கம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு அந்த வேட்டி எப்படி வந்தது?

"சரோஜாக்கா குடுத்தாங்க" என்றாள் நாராயணம்மா, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பத்தியக் குழம்பும் குடுத்து அனுப்பறாங்க. சண்டை உங்களுக்கும் எனக்கும்தானே? அந்தம்மாவுக்கு என்னா?"

அட அநியாயமே! மூன்று வருஷமாகத் தான் தனியாகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது கோவிந்தனுக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் வர வேண்டும். வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சோதனை, மகஜர், சாட்சி.

முறம் நின்றது.

"நா பேரா?" என்றாள் நாராயணம்மா. "என் பேரை எவன் போட்டான்? பதினேழாம் தேதி நான் மாலூர்ல ஆஸ்பத்திரியில இருந்தேன். இவ வலியில கத்திட்டிருந்தா. நான் உங்க வீட்டு அரிசி டிரம்மையா பார்த்துட்டிருந்தேன்?"

"அதை வந்து கோர்ட்டுல சொல்லணும்மா."

உள்ளேயிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, போலீஸ் விசயம். நமக்கு எதுக்கு?"

நாராயணம்மா வாசலுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தாள். பயம் அவளுக்கும் உண்டு. நாளைக்கு அதே ஜீப் இவள் வாசலில் வந்து நின்றால் யார் கேட்பது?

கோவிந்தனுக்குக் கெஞ்ச வரவில்லை. மனசில் இருந்தது தானாக வாயில் வந்துவிட்டது. "எங்க வீட்டுப் பேச்சைக் கோர்ட்டுல படிச்சாங்கம்மா. போன்ல ஒட்டுக் கேட்டு. ரேவதி வந்தப்போ நான் செடிக்குள்ள உக்காந்து அழுதேன்ல, அதைப் படிச்சாங்க. ஒருத்தன் சிரிச்சான்."

நாராயணம்மா முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அது எனக்கு ரெண்டு வருசமா தெரியும்ணா" என்றாள் மெதுவாக. "சரோஜாக்கா அன்னிக்கே சொல்லி அழுதாங்க. நாம எவ்வளவு சண்டை போட்டோம்? வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு. ஒரு நாளாவது நான் அதை எடுத்தேனா?"

எடுக்கவில்லை. வரப்பில் நின்று அவருடைய ஏழு தலைமுறையை இழுத்துத் திட்டியிருக்கிறாள். அதை மட்டும் ஒரு நாளும் எடுத்ததில்லை. கோவிந்தனுக்குக் கண் கலங்கியது. இந்த முறை மருந்தின் மேல் பழி போடத் தோன்றவில்லை.

நாராயணம்மா எழுந்து சேலையை உதறினாள். "வர்றேன். ஆனா ஒண்ணு. தண்ணி போறதுக்கு உங்க பக்கத்துல வாய்க்கால் தோண்டித் தரணும்."

"தோண்டித் தர்றேன்."

"எப்போ?"

"இந்த ஞாயித்துக்கிழமை."

"என் பொண்ணு சாட்சி" என்று சொல்லிவிட்டு அவள் மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது.

இரண்டு இருபத்தைந்துக்குக் கோர்ட்டுக்குள் நுழைந்தார்கள்.

நாராயணம்மா கூண்டில் ஏறியதும் இன்ஸ்பெக்டரின் முகம் சுண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற ஸ்டேஷன் ரைட்டர் மேலே ஓடும் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். ஜெயப்ரியா மகஜரை நீட்டினாள். "இது உங்க கையெழுத்தாம்மா?"

நாராயணம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பதற்றத்தில் தமிழ் ஓடிப்போய் அவளுடைய சொந்த பாஷைதான் வந்தது. "நாக்கு தமிழ் ராயடம் ராது, சாமி."

மாஜிஸ்திரேட்டுக்குத் தெலுங்கு தெரியாது. கோர்ட் ஊழியர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "தமிழ் எழுதத் தெரியாதுன்னு சொல்றாங்கம்மா."

மாஜிஸ்திரேட் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். நாராயணம்மா பேனாவை இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். உருண்டை உருண்டையாகத் தெலுங்கு. தாலுகா ஆபீஸ் மனுவில் இருந்ததும் அதே உருண்டைகள். மூன்று தாளும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், இந்தத் தமிழ்க் கையெழுத்து யாரோடது?"

இன்ஸ்பெக்டர் ரைட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, சிறு குறைபாடு என்று ஏதோ ஆரம்பித்தார். "உக்காருங்க" என்றார் மாஜிஸ்திரேட். பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே போனார். கோவிந்தன் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். முழுதும் புரியவில்லை. புரிந்ததே போதுமாக இருந்தது.

ஒருவர் மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்லி, அதை அவருக்கு எதிராகவே பயன்படுத்த அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. போனைத் திறக்கும் நம்பரும் மனதில் இருப்பதுதான். ஆகவே போலீஸ் மனு தள்ளுபடி. வீட்டுக்குள் நுழைவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு எதையும் போலீஸ் மதித்ததாகத் தெரியவில்லை. ஆகவே கோர்ட்டில் சீலோடு இருக்கும் போனைச் சொந்தப் பொறுப்பில் இன்றே ரேவதியிடம் கொடுக்க வேண்டும். கோர்ட் கேட்கும்போது அவள் அதை ஆஜர்படுத்த வேண்டும். பொய்க் கையெழுத்துப் பற்றி மாவட்ட எஸ்.பி. விசாரித்து அறிக்கை தர வேண்டும்.

"கேஸ் இன்னும் இருக்கு. ஆனா இன்னிக்கு நாம ஜெயிச்சுட்டோம்டி" என்று ஜெயப்ரியா ரேவதியின் காதில் சொன்னாள். ரேவதி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கோவிந்தனுக்கு விசிலடிக்கத் தோன்றியது. கோர்ட் என்பதால் அடக்கிக்கொண்டார். பின்வரிசைக் கான்ஸ்டபிளைத் தேடிப் பார்த்தார். ஆளைக் காணோம்.

வெளியே வெயிலில் சரோஜம்மாள் நாராயணம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மூன்று வருஷம் ஒளிந்து ஒளிந்து பேசியவர்கள் இன்று நடுரோட்டில் நின்று சத்தமாகப் பேசினார்கள். "வேட்டி விசயம் தெரிஞ்சுபோச்சா?" என்று சரோஜம்மாள் கேட்டது கோவிந்தன் காதில் விழுந்தது. விழாத மாதிரி நின்றார்.

ரேவதி கையெழுத்துப் போட்டுப் போனை வாங்கிக்கொண்டு வந்தாள். அரக்குச் சீல் உடையாமல் இருந்தது. ஜெயப்ரியா முன்னிலையில் உறையைக் கிழித்து, போனை உயிர்ப்பித்து, யாருக்கும் சொல்லாத அந்த நம்பரை அழுத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு டிங், டிங், டிங் என்று பதினாறு நாள் செய்தியும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

ரேவதி படித்தாள். முகம் மலர்ந்துகொண்டே போனது. நேராக அப்பாவிடம் வந்தாள். நடுவில் அம்மாவும் இல்லை, சுவரும் இல்லை.

"ப்பா, நான் நம்பர் சொல்லலைங்கறது கம்பெனி பஸ் பூரா தெரிஞ்சிருக்குது. பதினாலு பேர்ல ஒம்போது பேரு, ஆய்வாளர் வர்றப்போ நாங்களே முன்னாடி வந்து எங்க பேரைச் சொல்றோம்னு அனுப்பியிருக்காங்க. அவங்களாவே!" போனை அவர் பக்கம் நீட்டினாள். "ஒருத்தங்க பேசினதை மட்டும் கேளுங்களேன். நீங்க கேக்கணும்."

கோவிந்தன் அந்தப் போனைப் பார்த்தார். இதற்காகத்தான் கத்தினார், பதினாறு நாள் மகளிடம் பேசாமல் இருந்தார். இப்போது கைக்கு எட்டும் தூரத்தில் திறந்து கிடக்கிறது.

"வேண்டாம் கண்ணு" என்றார். "அவங்க உன்னை நம்பி உங்கிட்டச் சொன்னது. எனக்குச் சொல்லலை."

சொல்லிவிட்டு மகளின் தலையில் கை வைத்தார். அந்த விரலில் ரோஜா முள் கீறிய தடம் பத்து இருக்கும். ரேவதி அதைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ரேவதிக்குத் தெரியாத எண். "ஆமாங்க, ரேவதிதான் பேசறேன்" என்றாள். கோவிந்தன் அங்கே நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ரேவதி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள். கிழித்த உறையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதினாள். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

பின்னாலேயே வந்த சரோஜம்மாளும் அதைக் கவனித்துவிட்டாள். "யாருங்க போன்ல? போய்க் கேளுங்க."

"கேக்க மாட்டேன். அவளா சொன்னாத்தான்."

"என்னாங்க நீங்க, பெத்தவங்க கேக்கக் கூடாதா?"

கோவிந்தன் டீயை ஆற்றினார். கேட்கத்தான் நாக்குத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

ரேவதி ரோட்டைத் தாண்டி வந்தாள். அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து நாலடி தள்ளிக் கூட்டிப்போனாள்.

"ப்பா, நம்ம வீட்டுப் பேச்சைக் கேக்கச் சொன்னது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள் தாழ்ந்த குரலில். "உங்ககிட்ட மட்டும்தான் சொல்லப் போறேன்."